உளுந்துக்கு என்ன அடிக்கலாம்?

மாசி பாதியானால் போதும், வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணாச்சி, வயலில் உளுந்து போட்டிருக்கேன், என்ன அடிக்கலாம்?" கூடவே ஒரு டானிக் புட்டியின் படம் வரும். பச்சை லேபிள், தங்க எழுத்து, கொத்துக் கொத்தாகக் காய்த்த ஒரு செடி (உற்றுப் பார்த்தால் அது உளுந்தே இல்லை, சோயா), லிட்டருக்கு ஆயிரத்துச் சொச்சம் விலை. என்ன ரகம், விதைத்து எத்தனை நாள், செடி நெருக்கமாக நிற்கிறதா, மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் பதிலே சொல்வதில்லை. புட்டி நல்லதா இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும் அவர்களுக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்பித் தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்பதால் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தையும் வளர்ச்சி ஊக்கியையும் இலைவழியாகத் தெளிப்பது வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் பயறு வகைகளில் அது செய்கிற வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: பூத்த பூவில் இன்னும் கொஞ்சத்தைக் கீழே விழாமல் காயாக நிற்க வைப்பது. பூவே எடுக்காத செடிக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த வயலுக்கும், மஞ்சள் தேமல் நோய் பிடித்த பயிருக்கும் எந்தப் புட்டியும் எதையும் சாதிக்காது. எதை அடிக்கிறோம் என்பதை விட எந்தப் பயிரில் எந்த நாளில் அடிக்கிறோம் என்பதில்தான் காசு இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக நம் ஊர் நிலவரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காவிரிக் கரைக்காரர் சொல்லும் யோசனை எல்லாம் இங்கே அப்படியே பொருந்தாது. எங்களுக்கு நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். சித்திரை, வைகாசியில் தொடங்குவது கன்னிப்பூ. புரட்டாசி, ஐப்பசியில் தொடங்குவது கும்பப்பூ. கும்பப்பூ அறுப்பு மாசியில் முடியும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் வழக்கமாக ஜூன் 1 இல் தண்ணீர் திறந்து பிப்ரவரி 28 உடன் அடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் கன்னிப்பூவுக்குத் தொளி அடிக்கும் (சேற்றுழவு செய்யும்) வரை வயல் சும்மாதான் கிடக்கும். இந்த இடைவெளியில் நுழைவதுதான் உளுந்தும் சிறுபயறும். நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையை வீசிவிடுவது பழைய முறை. ஆள் வைத்துக் கையால் அறுத்த காலத்தில் அது அழகாக நடந்தது. இப்போது பெல்ட் போட்ட அறுப்பு மிஷின் அல்லவா இறங்குகிறது, அது போன தடத்தில் முளைத்ததெல்லாம் நசுங்கிவிடும், வைக்கோல் தள்ளிவிட்டுப் போன வரிசையில் முளைத்தது வெளுத்து நீண்டு படுத்துவிடும். அதனால் எங்கள் பத்தில் (வயல்வெளியில்) பலரும் அறுப்பு முடிந்த கையோடு, ஈரம் போவதற்குள் ஒரு சால் ரோட்டவேட்டர் ஓட்டிவிட்டு விதைக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

எப்படி விதைத்தாலும் பயிருக்குக் கிடைப்பது நெல் விட்டுப்போன ஈரமும், வந்தால் ஒன்றிரண்டு கோடைமழையும் மட்டும்தான். பங்குனி வெயிலில் வயல் வெடிக்க ஆரம்பிக்கும். வருடக் கணக்காகத் தொளி அடித்து அடித்துக் கீழே இறுகிப்போன மண்ணுக்குள் உளுந்து வேர் இறங்காது. போதாததற்கு நம் மாவட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண் (அமில மண்). புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தான பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நீங்கள் அடியில் போட்ட சூப்பர் பாஸ்பேட் உரம் அங்கேயே கிடக்கும், செடிக்கு எட்டாது. வேருக்கு முடிச்சுப் போடும் ரைசோபியம் பாக்டீரியாவுக்குத் தேவையான மாலிப்டினம் என்ற நுண்சத்தும் இப்படிப்பட்ட மண்ணில் கைக்குக் கிடைக்காது. ஆக, வேர் வழியாக ஊட்டுவதற்கு எல்லாப் பக்கமும் கதவு அடைத்திருக்கும்போது இலை வழியாகக் கொஞ்சம் கொடுப்பது புத்திசாலித்தனம்தான். தண்ணீர் கட்டி வளர்க்கிற தோட்ட உளுந்துக்கு இந்த அளவுக்கு அவசியம் இருக்காது.

சரி, பூ எதற்காக உதிர்கிறது?

உளுந்துச் செடியில் இலைக்கணுவில் இருந்து கிளம்பும் பூங்கொத்து ஒன்றை விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். நுனியில் மஞ்சள் பூ நாலைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே தண்டில் சின்னச் சின்ன மேடுகள், கடுகு அளவில், சிலது பச்சையாக, சிலது காய்ந்து பழுப்பாக. அந்த ஒவ்வொரு மேடும் ஒரு பூ உட்கார்ந்திருந்த இடம். இரண்டோ மூன்றோ இடத்தில் மட்டும் ரோமத்தோடு பிஞ்சு நிமிர்ந்து நிற்கும். மிச்சம் எல்லாம் மண்ணில். பூக்கிற பூவில் பாதிக்கு மேல் உதிர்வது பயறு இனத்தில் சாதாரணம், வறட்சியும் சூடும் சேர்ந்தால் அதற்கு மேலும் போகும். மகரந்தம் சேராததால் உதிர்கிறது என்று நினைக்க வேண்டாம்; உளுந்து பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே, பூ விரிவதற்கு முன்பே சூல் பிடித்துவிடும்.

பிரச்சினை சாப்பாட்டில். பூக்கத் தொடங்கியதும் செடி வளர்வதை நிறுத்திவிடாது, இலையும் விட்டுக்கொண்டே, பூவும் எடுத்துக்கொண்டே, முன்னால் பிடித்த காயையும் நிரப்பிக்கொண்டே இருக்கும். பந்தியில் நூறு இலை போட்டாயிற்று, அடுக்களையில் வெந்திருப்பதோ நாற்பது பேருக்கான சோறு, அந்த நிலைமை. இதில் இன்னொரு கொடுமை, காய் சர்க்கரையை இழுக்க ஆரம்பித்ததும் வேர் முடிச்சுகளுக்குப் போகும் பங்கு குறையும், முடிச்சுகள் காற்றில் இருந்து தழைச்சத்தான நைட்ரஜனைப் பிடிப்பதும் குறையும். தழைச்சத்து அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் வரத்து குறைகிறது. பூக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. பூவில் இருந்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தால் அந்த அடுக்கு கெட்டியாக இருக்கும், ஆக்சின் குறைந்து எத்திலீன் கூடினால் அது இளகிப் பூ கழன்றுவிடும். தெளிப்புகளில் இரண்டு ஜாதி இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்று சாப்பாடு கொடுப்பது, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரம் மாதிரி. இன்னொன்று அந்த அடுக்கைப் பிடித்து நிறுத்துவது, ஆக்சின் வகை ஊக்கியான என்ஏஏ மாதிரி. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற கலவையில் இரண்டும் உண்டு.

டிஏபியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதன் மேல்தான் மரியாதை.

ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி, 200 லிட்டர் தண்ணீர், அதாவது 2 சதவீதக் கரைசல். பூ எடுக்கத் தொடங்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. இவ்வளவுதான் பரிந்துரை, தமிழ்நாட்டில் பயறு போடுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் பலர் கெடுப்பது கரைப்பதில். காலையில் வயலுக்கு வந்து டிஏபியை நேராக டேங்கில் கொட்டிக் கலக்கி அடிக்கப் பார்த்தால் இரண்டாவது பாத்தியிலேயே நாசில் அடைத்துக்கொள்ளும், அதைக் கழற்றி ஊதி ஊதியே பொழுது போய்விடும். முதல் நாள் சாயங்காலமே ஊற வைத்துவிட வேண்டும். நான் பெயின்ட் வாளி ஒன்றில் 14 லிட்டர் தண்ணீர் எடுத்து 4 கிலோவையும் போட்டு, படுக்கப் போகும் முன் ஒரு தடவை குச்சியால் கிண்டிவிட்டு மூடி வைத்துவிடுவேன். காலையில் பார்த்தால் மேலே டீத்தண்ணீர் நிறத்தில் தெளிந்திருக்கும், அடியில் சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி ஒரு படிவு. வாளியை அசைக்காமல் மேலே இருப்பதை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் ஏறக்குறைய பன்னிரண்டரை லிட்டர் வரும். நம் பேட்டரி ஸ்பிரேயர் டேங்க் 16 லிட்டர், 200 லிட்டருக்குப் பன்னிரண்டரை டேங்க் ஆகிறது, ஆக டேங்குக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் கணக்கு முடிந்தது. அடியில் இருக்கும் சேற்றைத் தூரப் போட வேண்டாம், தென்னை மூட்டில் ஊற்றிவிடலாம்.

200 லிட்டர் என்பதைக் குறைக்காதீர்கள். தண்ணீர் சுமக்க மடித்தனப்பட்டு ஏழெட்டு டேங்கில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், உப்பு அதே 4 கிலோ, தண்ணீர் பாதி, மறுநாள் இலை ஓரம் கருகிப் போயிருக்கும். அப்புறம் டிஏபி மட்டமான சரக்கு என்று பேச்சு.

பயறு ஒண்டர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் வினையியல் துறை கொண்டுவந்தது. நம் பக்கம் வேர் வழியாகக் கட்டுகிற தென்னை டானிக் எல்லோருக்கும் தெரியும், அதன் கூட்டாளிதான் இது. நிலக்கடலைக்கு, பருத்திக்கு, கரும்புக்கு என்று தனித்தனியாகவும் வைத்திருக்கிறார்கள். ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில், பூக்கும் தருணத்தில் ஒரே தடவை. சத்துகளோடு வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்திருப்பதால் பூ உதிர்வது குறையும், வறட்சியைக் கொஞ்சம் தாங்கும், விளைச்சல் 20 சதவீதம் வரை கூடும் என்பது அவர்கள் சொல்வது. "வரை" என்பதைக் கவனியுங்கள். எல்லாம் கூடி வந்தால் 20. என் கணக்கில் நான் 10 தான் போட்டுக்கொள்வேன், அதற்கு மேல் வந்தால் லாபம். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். இருப்பு இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பயறு ஒண்டர் அடிக்கிற அன்றைக்கு டிஏபியும் சேர்த்து அடிக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் கரைசலில் உப்புக் கனம் கூடிவிடும், பங்குனி வெயிலில் இலை தாங்காது. நான் முதல் தடவை ஒண்டர், பதினைந்து நாள் கழித்துத் தேவைப்பட்டால் டிஏபி என்று வைத்திருக்கிறேன்.

என்ஏஏவுக்கு வருவோம், கடையில் பிளானோஃபிக்ஸ் என்று கேட்டால் தெரியும். பயறுக்குப் பரிந்துரை 40 பிபிஎம். அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம். புட்டியில் இருப்பது 4.5 சதவீதம், ஆக 16 லிட்டர் டேங்குக்கு 14 மில்லி போல வரும். இதை மூடியால் அளக்காதீர்கள் தயவுசெய்து. மூடி புட்டிக்குப் புட்டி வேறு. மெடிக்கலில் ஊசி போடாத சிரிஞ்சு பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். வளர்ச்சி ஊக்கி விஷயத்தில் கொஞ்சம் கூடப் போனால் என்ன ஆகிவிடும் என்கிற பேச்சே கூடாது. ஆப்பிள் தோட்டங்களில் காய் அளவுக்கு மீறிப் பிடித்தால் பிஞ்சை உதிர்த்துக் குறைப்பதற்கு அடிப்பதும் இதே என்ஏஏதான். பயிரும் பருவமும் அளவும் மாறினால் பிடித்து வைக்கிற மருந்தே தள்ளிவிடுகிற மருந்து.

வீட்டில் செய்கிற கரைசல்களைப் பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். நம் மாவட்டத்தில் தேங்காய்க்கும் மீனுக்கும் பஞ்சமில்லை, அதனால் தேமோர் கரைசலும் மீன் அமிலமும் செய்யாத இயற்கை விவசாயி இங்கே கிடையாது. புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் ஒரு வாரம் ஊறியது தேமோர். குளச்சலில் இருந்து வரும் சாளை மீனின் தலையும் குடலும் சம எடை வெல்லத்தோடு மூன்று வாரம் போல மக்கியது மீன் அமிலம். இளநீரில் சைட்டோகைனின் என்ற ஊக்கி இருப்பது தாவர ஆராய்ச்சிக்கூடங்களில் பல காலமாகத் தெரிந்த விஷயம், திசு வளர்ப்புக்கு இளநீரைச் சேர்ப்பார்கள், ஆகவே இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு பானை போல இன்னொரு பானை வருவதில்லை. போன தடவை நன்றாக இருந்தது இந்தத் தடவை எப்படி இருக்கும் என்று அடிக்கும் வரை தெரியாது. வீட்டுக் கத்தரிக்கும் பயிற்றங்கொடிக்கும் நான் மீன் அமிலம் தாராளமாக ஊற்றுகிறேன், வயல் உளுந்துக்கு அடிப்பதில்லை. அடித்தால் சாயங்காலம் ஊர் நாய் முழுக்க வரப்பில்தான் நிற்கும், அது தனிக் கதை.

வறட்சிக்கென்றே இன்னொன்று இருக்கிறது, பிபிஎஃப்எம் என்று சொல்வார்கள், இலை மேலேயே வாழ்கிற இளஞ்சிவப்பு நிறப் பாக்டீரியா. செடி வெளியே விடுகிற மெத்தனாலைத் தின்றுவிட்டுப் பதிலுக்கு ஊக்கிகளைச் சுரக்கும். கோடைமழை ஏமாற்றுகிற வருடத்தில் இது கைகொடுக்கும். உயிருள்ள சரக்கு, பூஞ்சண மருந்தோடு கலந்தால் செத்துப்போகும், தனியாகத்தான் அடிக்க வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் இடறுவார்கள், ஏனென்றால் தனியாக அடிப்பது என்றால் தனியாகக் கூலி.

கூலி என்ற பேச்சு வந்துவிட்டதால் காசுக் கணக்கையும் போட்டுவிடலாம். டிஏபி மூட்டை 50 கிலோ 1350 ரூபாய், கிலோ 27. இரண்டு தடவைக்கு 8 கிலோ, 216 ரூபாய். உளுந்துக்கு 2025-26 ஆதார விலை குவிண்டாலுக்கு 7800. உங்கள் வயல் ஏக்கருக்கு 2 குவிண்டால் கொடுக்கிற வயல் என்று வைத்து, தெளிப்பால் 10 சதவீதம்தான் கூடியது என்றாலும் 20 கிலோ, 1560 ரூபாய். மருந்து விலை இதில் ஒன்றுமே இல்லை, அடிக்கிற ஆளுக்குக் கொடுப்பதுதான் செலவு. சொந்தமாக அடித்தால் லாபம் நிற்கும். ஆள் வைத்தால் ஏதோ மிஞ்சும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் புட்டியும் வாங்கி ஆளும் வைத்தால், ஏக்கருக்கு 2 குவிண்டால் வயலில், கையைச் சுடும். அதே வயல் 4 குவிண்டால் கொடுக்கிற மாதிரி நெருக்கமாக முளைத்திருந்தால் 10 சதவீதம் என்பது 40 கிலோ. அதனால்தான் முதலில் செடி நெருக்கத்தைக் கேட்கிறேன். சதுர மீட்டருக்கு 33 செடி இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. நாலு குச்சியை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டிப் போட்டு எண்ணிப் பாருங்கள். பதினைந்துக்குக் கீழே இருந்தால் புட்டிக் காசை மிச்சம் பிடித்து அடுத்த வருடம் விதையும் விதைநேர்த்தியும் ஒழுங்காகச் செய்யுங்கள். ரைசோபியமும், மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியாவும் ஆறின கஞ்சியில் கலந்து விதைக்குப் பூசுவதற்கு ஆகும் செலவு ஒரு சாயா வடைச் செலவுதான்.

தெளிக்கிற நேரம். துண்டுப் பிரசுரங்களில் காலை அல்லது மாலை என்று போட்டிருப்பார்கள். தத்துவப்படி மாலைதான் மேல், கரைசல் மெதுவாக உலரும், இலை நிறைய உறிஞ்சும். ஆனால் நமக்கு ஏப்ரலில் மழை வருவதே மத்தியானத்துக்கு அப்புறம்தான். மூன்று மணிக்கு மலைப் பக்கம் கறுத்தால் ஐந்து மணிக்கு இடியோடு கொட்டும், அடித்தது முழுக்க வாய்க்காலுக்குப் போகும். அதோடு மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும், ஆரல்வாய்மொழிப் பக்கம் வயல் உள்ளவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஆகவே என் வாக்கு காலைக்குத்தான். பனி காய்ந்ததும் தொடங்கி ஒன்பது, ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் இலைத்துளை சுருங்கிவிடும், துளி இலையில் உட்கார்ந்தே உப்பாகக் காயும். நாசிலைக் கொஞ்சம் தாழ்த்தி, இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி வீசுங்கள். ஒட்டும் திரவம் கொஞ்சம் சேர்த்தால் உளுந்து இலையின் ரோமத்தில் துளி உருண்டு நிற்காமல் படியும்.

இனி பெரிய வியாதி ஒன்றைப் பற்றி. செலவை மிச்சம் பிடிக்க ஒரே டேங்கில் எல்லாவற்றையும் கலப்பது. ஒரு தடவை என் பக்கத்து வயலில் பார்த்தேன், டிஏபித் தெளிவு, கால்சியம் கலந்த ஏதோ நுண்ணூட்டம், பூச்சி மருந்து, பூஞ்சண மருந்து, மேலே ஒரு டானிக். டேங்குக்குள் எட்டிப் பார்த்தால் திரிந்த பால். மணிச்சத்தும் கால்சியமும் சந்தித்தால் கட்டிதட்டும், பள்ளிக்கூட வேதியியல். "எல்லாம் சேர்ந்தா நல்லா பிடிக்கும்னு கடைக்காரன் சொன்னான் மக்களே" என்றார் அந்த வயல்கார மாமா. எந்தக் கடை என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். டிஏபி ஒரு மூட்டை கேட்டால் கூடவே ஒரு புட்டியையும் தலையில் கட்டுகிற கடை அது. பூச்சி மருந்து கலப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மாசி, பங்குனி மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரர்களின் அறுவடைக்காலம், ரப்பர் துளிர் விடுகிற சமயம், பெட்டிகள் எல்லாப் பக்கமும் இருக்கும். பூத்து நிற்கிற வயலில் காரணமே இல்லாமல் விஷம் அடிப்பது அடுத்தவன் பிழைப்பில் கை வைப்பது.

காரணம் இருந்தால் அடித்துத்தான் ஆக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். பூ உதிர்கிறது என்று வருகிற புகார்களில் கணிசமானவை உதிர்வே கிடையாது, புழு. பூங்கொத்தில் இரண்டு மூன்று பூ ஒன்றோடொன்று மெல்லிய நூலால் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே ஈரமான எச்சமும், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்த வெளிர்நிறப் புழு ஒன்றும் இருந்தால் அது மாருகா, புள்ளிக் காய்ப்புழு. பூவைத் தின்றுவிட்டுப் பிஞ்சுக்குள் போகும். இதற்கு டிஏபி அடித்தால் புழுவுக்குத்தான் ஊட்டம். மொட்டுக் கட்டும்போதே வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடித்து வைத்தால் முட்டையிடுவது குறையும். மீறிப் போனால் வேளாண்மை அலுவலகத்தில் காட்டி மருந்து கேளுங்கள்.

மஞ்சள் தேமலும் அப்படித்தான். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து வந்தால் அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். சத்துக் குறை என்று நினைத்து ஊக்கி மேல் ஊக்கியாக அடிப்பவர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு செடி தெரியும்போதே பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். வம்பன் 8 மாதிரித் தாங்கும் ரகம் போடுவதுதான் உண்மையான மருந்து. புதுக்கோட்டை வம்பனில் பயறுக்கென்றே ஆராய்ச்சி மையம் வைத்து ரகம் ரகமாகக் கொண்டுவருகிறார்கள், நாம் இன்னும் களத்து மூலையில் கிடந்த பழைய உளுந்தையே வீசிக்கொண்டிருக்கிறோம்.

புட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கடல்பாசிச் சாறு, ஹியூமிக், அமினோ அமிலம் எல்லாவற்றிலும் உருப்படியான சரக்கு உண்டு. 2021 இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர்த்தூண்டிகளைத் தனி வகையாகக் கொண்டுவந்தது. ஆகவே லேபிளில் உள்ளே என்ன, எத்தனை சதவீதம், எந்தப் பயிருக்கு, எவ்வளவு அளவு என்று இருக்க வேண்டும். "அற்புத சக்தி", "ஜெர்மன் தொழில்நுட்பம்" என்று மட்டும் இருந்தால் வாங்கின இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். பில் கேட்டு முகம் சுளிக்கிற கடையிலும் வாங்க வேண்டாம்.

அடித்தது வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? வயல் முழுக்க அடித்துவிட்டு நல்லா காய்ச்சிருக்கு என்று சொல்வதில் அர்த்தமில்லை, அந்த வருட மழைக்கே காய்த்திருக்கலாம். வயல் நடுவில் நாலு அடி அகலத்துக்கு ஒரு கீற்று அடிக்காமல் விடுங்கள். இரண்டு முனையிலும் கம்பு நட்டுத் துணி கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரேயரோடு வருகிற பையன் பாசத்தில் அதையும் சேர்த்து நனைத்துவிடுவான். இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடியில் காயை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். என் வயலில் ஈரம் ஓரளவு இருந்த வருடம் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது, மழையே இல்லாமல் செடி வாடி நின்ற வருடம் எண்ணிப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் இல்லை. வாடின இலை எதையும் உறிஞ்சாது. அந்த மாதிரி சமயத்தில் குளத்துத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ ஒரே ஒரு நனைப்பு, பூக்கும்போது, எந்தப் புட்டியையும் விட மேல்.

மாட்டைப் பற்றியும் மயிலைப் பற்றியும் எழுதினால் இந்தப் பதிவு முடியாது. கும்பப்பூ அறுத்ததும் மாடுகளை அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம், நடுவில் ஒருவன் மட்டும் உளுந்து போட்டால் அது அவனுக்கு இல்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பத்தில் விதைத்தால் காவலுக்கும் வழி உண்டு, தெளிப்பதற்கும் ஆள் ஒரே நாளில் பேசிக்கொள்ளலாம். மயிலுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கடைசியாக, இரண்டாவது தெளிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். விதைத்து ஐம்பது நாளுக்கு மேல் போய் ஊக்கம் கொடுத்தால் செடி மறுபடி துளிர்த்துப் பூ எடுக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் கீழே முதல் காய் கறுத்திருக்கும், மேலே பச்சை, ஒரே தடவையில் அறுக்க முடியாது. நீங்கள் காத்திருக்கிற அந்தப் பத்து நாளில் வைகாசி மழை இறங்கினால் கறுத்த காய் செடியிலேயே முளைத்துவிடும், அப்புறம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) வேறு. மாசிக் கடைசியில் விதைத்தவர்கள் சித்திரைக் கடைசிக்குள் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டுவிட வேண்டும்.

தோவாளை, பூதப்பாண்டி பக்கம் யாரிடமாவது நல்ல வம்பன் 8 விதை, இந்த வருடம் எடுத்தது, பத்துக் கிலோ போல இருந்தால் கீழே சொல்லுங்கள். வண்டு விழாததாக இருக்க வேண்டும், விலை பேசிக்கொள்ளலாம்.